பசோலினியின் அகராதி



நினைவுரை என்றால் இறந்தவரின் புகழ் பாடுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு அது பிடிக்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் பேசி முடித்ததும் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "சரி, இதில் பேசுகிறவன் யார், பேசப்படுகிறவன் யார்?" அந்தக் கேள்வியோடு இத்தாலிக்குப் போகிறேன். பியர் பாவ்லோ பசோலினி என்ற திரைப்பட இயக்குநரைப் பற்றியும், அவர் பக்கத்தில் நின்ற இன்னொருவரைப் பற்றியும் பேசப் போகிறேன்.

பசோலினி 1922இல் பொலோனா நகரில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. பள்ளி ஆசிரியையான அம்மா, வடகிழக்கே ஃப்ரியூலி பகுதியில் கசார்சா என்ற ஊர்க்காரர். 1942இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பை பசோலினி ஃப்ரியூலி மக்களின் மொழியில் எழுதினார். முசோலினி ஆட்சி வட்டார மொழிகளை ஒடுக்கிவைத்திருந்த காலம் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மொழி அவர் வீட்டில் பேசியது அல்ல, ஊரில் உழுகிறவர்கள் பேசியது. காதால் கேட்டுக் கற்றுக்கொண்டார். பிறகு ரோமிலும் அதைத்தான் செய்தார்.

1949இல் அவர்மீது பாலியல் புகார் எழுந்தது. ஆசிரியர் வேலை போயிற்று. கம்யூனிஸ்ட் கட்சி, தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திராமல் வெளியேற்றியது. 1950 ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ரோமுக்கு ரயிலேறினார்.

ரோமின் நடுவில் பழைய குடியிருப்புகளை இடித்து அகலச் சாலை போட்ட முசோலினி அரசு, அங்கிருந்த ஏழைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டிருந்தது. அந்தப் புறநகர்க் குடியிருப்புக்கு போர்காத்தா என்று பெயர். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அங்கேதான் ஒண்டினார்கள். இந்த அவையில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நகரத்தை அழகுபடுத்தும்போது முதலில் யாரை லாரியில் ஏற்றுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அங்கே பசோலினிக்குக் கிடைத்த நண்பர் செர்ஜியோ சிட்டி. சுவருக்கு வண்ணம் பூசுகிற தொழிலாளி. போர்காத்தா பையன்களைப் பற்றி 1955இலும் 1959இலும் பசோலினி நாவல்கள் எழுதியபோது, எந்த வசவு எங்கே விழும், எந்தக் கேலிக்கு என்ன பொருள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். தன்னுடைய உயிருள்ள அகராதி என்று பசோலினி அவரைச் சொன்னார். பாராட்டுதான். ஆனால் அகராதியை யாரும் நூலாசிரியர் என்று அழைப்பதில்லை.

1961இல் முதல் படம், 'அக்கட்டோனே'. தயாரிப்பதாக இருந்த ஃபெலினியின் நிறுவனம் சோதனைக் காட்சிகளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. வேறு தயாரிப்பாளர் வந்தார். நாயகனாக நடித்தது செர்ஜியோவின் தம்பி ஃப்ராங்கோ. புழுதியில் இரண்டு பேர் கட்டிப்புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். பின்னணியில் யேசுவின் பாடுகளுக்காக பாக் எழுதிய இசை. தேவாலயத்தில் புனிதர்களை வரைவதுபோல அந்த முகங்களை நேருக்கு நேராக வைத்துப் படம்பிடித்தார். பல வருடம் எனக்கு இது ஒவ்வவில்லை. ஏழையைப் புனிதனாக்குவதும் ஒருவகையில் தள்ளிவைப்பதுதான் என்று நினைத்தேன். இப்போதும் முழுதாக மாறிவிடவில்லை. ஆனால் அந்த முகத்தை வேறு யாரும் அதுவரை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. அந்தப் படத்தில் ஃப்ராங்கோவின் வாயிலிருந்து வரும் குரல் அவருடையது அல்ல. தொழில்முறை நடிகர் ஒருவர் கொடுத்தது. இத்தாலியில் அன்று பின்னணிக் குரல் சேர்ப்பது சாதாரணம். இருந்தாலும் சேர்த்துப் பாருங்கள்: முகம் தம்பியுடையது, சொற்களில் அண்ணனின் பங்கு பெரிது, குரல் வெளியாள் ஒருவருடையது, பெயர் பசோலினியுடையது.

இது பசோலினிக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு 1963இல் வந்த 'லா ரிகோட்டா' என்ற குறும்படம் சாட்சி. யேசுவின் சிலுவைப்பாட்டைப் படமெடுக்கிறார்கள். நல்ல கள்வனாக நடிக்கும் துணை நடிகனுக்கு ஸ்ட்ராச்சி என்று பெயர். கந்தல் என்று பொருள். தனக்குக் கொடுத்த சாப்பாட்டைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறான். தந்திரம் செய்து வாங்கிய இன்னொரு பொட்டலத்தை நடிகையின் நாய் தின்றுவிடுகிறது. அந்த நாயை விற்று பாலாடைக்கட்டி வாங்கித் தின்கிறான். படக்குழு அவனைச் சுற்றி நின்று, வேடிக்கைக்காக இன்னும் இன்னும் ஊட்டுகிறது. சிலுவையில் ஏற்றியதும், வசனம் பேச வேண்டிய நேரத்தில், செத்துக் கிடக்கிறான். அவன் உயிரோடு இருந்தான் என்பதை நினைவூட்ட அவனுக்குச் சாவைத் தவிர வேறு வழி இல்லை என்கிறார் படத்துக்குள் வரும் இயக்குநர். அந்த வேடத்தில் ஆர்சன் வெல்ஸ். அவர் கையில் வைத்து வாசிக்கும் புத்தகம் பசோலினி எழுதியது! தன்னையே கூண்டில் ஏற்றிக்கொண்டவர் அவர். நீதிமன்றமோ மதத்தை அவமதித்ததாகச் சொல்லி நான்கு மாதத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. பட்டினி பற்றி யாரும் வழக்குப் போடவில்லை.

அடுத்த ஆண்டு வந்த 'மத்தேயு நற்செய்தி' பலரும் பார்த்த படம். தெற்கே மத்தேரா குகை வீடுகள்தான் அதில் ஜெருசலேம். மகனைப் பறிகொடுத்த மரியாளாக பசோலினியின் தாயே நடித்தார்.

இனி செர்ஜியோவுக்கு வருகிறேன். 1970இல் அவர் 'ஓஸ்தியா' என்ற தன் முதல் படத்தை இயக்கினார். திரைக்கதையில் பசோலினி கூட இருந்து உதவினார். பசோலினியின் கடைசிப் படமான 'சலோ'வின் திரைக்கதையிலும் செர்ஜியோவுக்குப் பங்கு உண்டு. அதை முதலில் அவரே இயக்குவதாக இருந்தது. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பசோலினியின் சீடர்' என்ற சொல்லை விடுவதில்லை. ஏறக்குறைய இருபது வருடம் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது?

1975 நவம்பர் 2 காலை, ஓஸ்தியா கடற்கரை அருகே பசோலினியின் உடல் கிடந்தது. அடித்து, கார் ஏற்றிக் கொன்றிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் தண்டிக்கப்பட்டான். தான் கொல்லவில்லை என்று அவன் 2005இல் சொன்னான். கொலை நடந்த சில நாட்களில் செர்ஜியோ அந்த இடத்துக்கு கேமராவோடு போய்ப் படம்பிடித்தார். ஒரு பையன் தனியாகச் செய்த கொலை என்பதை அவர் நம்பவே இல்லை. 2005இல் உடல் நலிந்து கிடந்தபோதும் வழக்கை மறுபடி திறக்கச் சொல்லிப் பேசினார். அந்த அக்டோபரில் காலமானார்.