நிலக் கணக்கு யார் கையில்?



மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஆரோவில் செம்மண் மேடு வரையுள்ள கிராமத்தாராகிய நாம் இன்று நிலக் கணக்கைப் பற்றிச் சிந்திக்கக் கூடியிருக்கிறோம். பட்டா, சிட்டா முதலியவற்றை இணையத்தில் பார்த்துக்கொள்ளும் வசதி வந்து பல ஆண்டுகள் ஆயின. ஆயினும், பட்டா மாறுதலுக்கு இணையத்தில் மனுச் செய்தவர், அம்மனுவின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகப் படி ஏறுவது இன்னும் நின்றபாடில்லை. வேரூன்றிய இலாகாக்கள் தம் சேவையை இணையத்துக்கு மாற்றுவதில் ஏன் இத்தனை தயக்கம்?

உத்தியோகஸ்தர்கள் இயந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று சிலர் சொல்லுவர். அது சரியன்று. அவர்களும் கைப்பேசியில் பணம் அனுப்புகிறவர்களே! கணக்குப் புத்தகம் எவர் கையில் இருக்கிறதோ அவரிடமே அதிகாரம் இருக்கிறது. தயக்கத்தின் வேர் அங்கேதான்.

வயது முதிர்ந்தவர்களுக்குக் கர்ணம் காலம் நினைவிருக்கும். எந்த வயலில் என்ன பயிர், எவர் அனுபோகம் என்பதெல்லாம் அவருடைய பேனா முனையில் இருந்தன. 1980-ம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசாங்கம் பகுதி நேரக் கிராம உத்தியோகங்களை ஒழித்தபோது சுமார் 23,000 பதவிகள் மறைந்தன. பதவி இழந்தவர்கள் வழக்காடினார்கள். 1982-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அரசாங்கத்தின் முடிவை உறுதி செய்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆள் மாறியது, புத்தகம் ஒருவர் கையில் இருக்கும் முறை மாறவில்லை.

கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தை இங்கே கவனிக்க வேண்டும். அங்கு 67 லட்சம் உடைமையாளர்களின் 2 கோடிப் பதிவுகள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களிடம் இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை கணினியில் ஏற்றப்பட்டு, தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய்க்கு நகல் வழங்கப்பட்டது. கையால் எழுதிய நகல் இனிச் செல்லாது என்ற உத்தரவே அத்திட்டத்தை நிலைநிறுத்தியது எனலாம். ஏடும் கணினியும் சேர்ந்து நடக்கும் வரையில் ஏடே எஜமானனாக இருக்கும்.

ஊழியர் தரப்பிலும் நியாயம் உண்டு. 2024-ம் ஆண்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தபோது, கிராம நிர்வாக அலுவலர்கள் அவ்வேலையை ஏற்க மறுத்தார்கள். வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய பாரத்தை இறக்காமல் புதிய பாரத்தை ஏற்றினால் வண்டி மாடும் படுத்துவிடும்.

வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. ஏட்டில் மறைந்திருந்த பிழை கணினியில் எல்லார் கண்ணிலும் படும். காலஞ்சென்ற பாட்டனார் பெயரில் பட்டா, விற்றவர் பெயரிலேயே நிற்கும் நிலம் – இவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்.

ஆரோவில்லைச் சுற்றியுள்ள நமக்கு இக்கேள்வி மிகவும் முக்கியம். 1968-ம் ஆண்டில் தோன்றிய அந்நகரின் நிலங்களும் கிராமத்தார் நிலங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பெரும்பகுதி வானூர் தாலுகாவில் இருக்கிறது. ஒரு சிறு பகுதி புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. இப்பக்கம் 'தமிழ்நிலம்', அப்பக்கம் 'நிலமகள்' என இரண்டு இணைய ஏற்பாடுகள். இரு பக்கமும் நிலமுள்ள குடும்பம் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். நிலத்தின் விலை ஏறிவிட்ட இம்மேட்டில், ஒரு சர்வே எண் தவறினால் அக்குடும்பம் நெடுநாள் கோர்ட்டு வாசலில் நிற்க நேரும்.

மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்களின் கவலை வேறு. உப்பு நீர் அரித்த விரலின் ரேகை கருவியில் பதிய மறுப்பதுண்டு. ஏட்டை நிறுத்துங்கள் என்று கேட்கும் நாம், இத்தகையோருக்கு மாற்று வழி உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

நமது பஞ்சாயத்தையும் விட்டுவிட வேண்டாம். வீட்டு வரியை இணையத்தில் செலுத்த ஏற்பாடு இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தைக் கைவிட எத்தனை பஞ்சாயத்துகளுக்கு மனம் வருகிறது?

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் உடைமையாளர்கள் தத்தம் பட்டா விவரத்தை இணையத்திலிருந்து எடுத்து வரலாம். வாரிசு பெயர் மாறாதவை எவை, பரப்பு தவறியவை எவை என்று குறித்து, தீர்மானமாகத் தாசில்தாருக்கு அனுப்பலாம். படித்த இளைஞர் இருவரும் இணையமுள்ள ஒரு கைப்பேசியும் இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.