புகையிலை வரியும் மின்சிகரெட்டும்: நாம் கேட்க வேண்டியது என்ன?

(மானிப்பாயில் நடந்த ஒன்றுகூடலில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டம் என்ற ஒரே சொல்லுக்கு நம் இரு பகுதியிலும் இரண்டு அர்த்தம். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலை மலை, லயம், பெரட்டுக் களம். உங்களுக்குத் தோட்டம் என்றால் கிணற்று நீர் பாயும் வெங்காயம், மிளகாய், புகையிலை. உங்கள் தோட்டத்தில் விளையும் புகையிலை, எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் வெற்றிலைப் பைக்குள் வந்து சேருகிறது. ஆகவே புகையிலைக்கு வரி என்ற பேச்சு வந்தால் அது இரண்டு தோட்டத்தையும் தொடும்.

இந்தப் பேச்சு எங்களிடையே எப்படித் தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். கொழும்பில் கடை வேலைக்குப் போன எங்கள் லயத்துப் பிள்ளை ஒருவன் தீபாவளிக்கு வந்திருந்தான். அவன் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று. ஊதினால் மாம்பழ வாசம். “இது சிகரெட் இல்லம்மா, வெறும் ஆவி” என்றான். தாயும் நம்பிவிட்டார். ஒரு வாரம் லீவில் நின்றவன், அது தீர்ந்துபோனதும் கை நடுங்கி, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தான். அப்போதுதான் அது வெறும் ஆவியல்ல என்று எங்களுக்குப் புரிந்தது. அதில் இருப்பது நிக்கொட்டின். பீடியிலும் சுருட்டிலும் நம்மைக் கட்டிப் போடுகிற அதே சரக்கு.

அடுத்த கூட்டத்தில் ஒரு மூத்த தொழிலாளி கேட்டார்: “சிகரெட்டுக்கு வருஷா வருஷம் வரி ஏத்துறாங்களே, இதுக்கு யார் வரி போடுறது?” நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் இன்று பேசுகிறோம்.

நம் நாட்டில் சிகரெட்டுக்கு உற்பத்தி வரி அதன் நீளத்தை வைத்துப் போடப்படுகிறது. இத்தனை மில்லிமீற்றருக்கு, ஆயிரம் சிகரெட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதற்கு மேல் வற் வரி; 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். பீடிக்கு வேறு கணக்கு: இந்தியாவிலிருந்து வரும் பீடி இலைக்கு இறக்குமதியில் வரி. மின்சிகரெட்டுக்கு நீளமும் இல்லை, இலையும் இல்லை. அதில் இருப்பது திரவம். நம்மிடம் உள்ள அளவுகோல் எதிலும் அது அகப்படாது.

சட்டப்படி பார்த்தால், புகையிலை கலந்த மின்சிகரெட்டுகளைச் செய்வதும் இறக்குவதும் விற்பதும் 2016 இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி இங்கே தடை. இந்தியா 2019 இல் மின்சிகரெட்டை முழுதாகவே தடை செய்தது. ஆனால் தடை செய்த பொருளுக்கு வரி கிடையாது. கண்காணிப்பு இல்லாவிட்டால், களவாக விற்பவனுக்கு அதைவிட வசதி வேறில்லை. சிகரெட் விலை ஏற ஏற அவன் சரக்கு பிள்ளைகளுக்கு மலிவாகத் தெரியும். “இதில் புகையிலை இல்லை, நிக்கொட்டின் மட்டும்தான்” என்று சொல்லிச் சட்டத்திலிருந்தும் நழுவப் பார்ப்பான்.

அப்படியானால் தடையை எடுத்துவிட்டு வரி போடலாமே என்று சிலர் கேட்பார்கள். லண்டனில் உள்ள உங்கள் சொந்தங்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். பிரித்தானியாவில் மின்சிகரெட் விற்பனை அனுமதிக்கப்பட்டது. அங்கே 2026 ஒக்டோபர் 1 முதல் 10 மில்லிலீற்றர் திரவத்துக்கு 2.20 பவுண் வரி என்று தீர்மானித்தார்கள். அதே நாளில் 100 சிகரெட்டுக்கு இன்னும் 2.20 பவுண் கூட்டுவதாகவும் சொன்னார்கள். காரணம் உண்டு. புகைப்பதை விடுவதற்காக மின்சிகரெட்டுக்கு மாறியவர்கள், விலை ஏறியதும் பழைய சிகரெட்டுக்கே திரும்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் மின்சிகரெட்டின் மொத்த விலையில் 95 சதவீதம் வரி போட்டது. அதை ஆராய்ந்தவர்கள், அந்த வரியால் பெரியவர்களிடையே சிகரெட்டை விடுவது குறைந்தது என்று கண்டார்கள். ஆக, வரி என்பது கவ்வாத்துக் கத்தி மாதிரி. எங்கே வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்ட வேண்டும்.

எங்கள் லயங்களில் நாங்கள் கண்ட பிள்ளைகள் சிகரெட்டை விடுவதற்காக இதை எடுக்கவில்லை; ஸ்டைலுக்காக எடுத்தார்கள். அதனால் தடை இருக்கட்டும் என்பதே எங்கள் நிலை. ஆனால் பிடிக்க வேண்டியது கொண்டுவந்து இறக்குபவனை. ஊதுகிற பிள்ளையை அல்ல. பிள்ளைக்குத் தேவை பொலிஸ் அல்ல, வைத்தியம்.

இனி நம் சொந்தக் கணக்குக்கு வருவோம். விலை ஏறினால் இளைஞரும் ஏழைகளும்தான் முதலில் குறைப்பார்கள். அதனால்தான் சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வரியை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் சிகரெட்டை மட்டும் ஏற்றினால் நம் ஆள் பீடிக்குப் போவான். பீடி இலையை ஏற்றினால் கடல் வழியே கள்ள இலை வரும். கடற்படை அடிக்கடி பிடிக்கும் மூட்டைகளைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இரண்டும் முடியாதபோது வாய்க்குள் புகையிலையை அடக்குவான். சிகரெட் விற்பனை குறைந்தது என்று கொழும்பில் கணக்கு எழுதுவார்கள். லயத்தில் வெற்றிலைப் பை கனத்துக் கிடக்கும்.

அதன் விலை என்ன? நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் அதற்குக் காரணம். பணக் கணக்கும் பாருங்கள். வெற்றிலை புகையிலைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 3,000. 2024 இல் போராடி 1,350 ஆக்கிய நாட்சம்பளத்தில் அது இரண்டு பேருக்கும் மேல்.

மானிப்பாய் மக்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் முன்னோரின் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தச் சந்தை அடைபட்டபோது கஷ்டப்பட்டது தோட்டக்காரர். 2020 க்குள் நாட்டில் புகையிலைச் செய்கையை நிறுத்துவதாக அரசு ஒருமுறை அறிவித்தது. ஆண்டு போனது, செய்கை நிற்கவில்லை. மாற்றுப் பயிருக்கு விதையும் கடனும் சந்தையும் கொடுக்காமல் நிறுத்து என்றால் யார் நிறுத்துவார்? வருமானம் இல்லாத நாளின் வலி எங்களுக்குத் தெரியும். உங்களை எதிரியாக வைத்து நாங்கள் பேச வரவில்லை.

ஆகவே நாம் சேர்ந்து கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: சிகரெட், பீடி, சுருட்டு, மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் வரி ஒன்றாக ஏற வேண்டும்.

இரண்டு: மின்சிகரெட் தடையைத் துறைமுகத்திலும் மொத்தக் கடையிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். நிக்கொட்டின் என்று சொல்லித் தப்பும் வழியை அடைக்க வேண்டும்.

மூன்று: வரிப் பணத்தில் ஒரு பங்கு தோட்ட மருந்தகங்களில் வாய்ப் பரிசோதனைக்கும், பழக்கத்தை விடுபவர்களுக்கு உதவவும் வர வேண்டும்.

நான்கு: இன்னொரு பங்கு புகையிலைத் தோட்டக்காரரின் மாற்றுப் பயிருக்குப் போக வேண்டும்.

கேட்பவர்கள் முதலில் தாங்களும் செய்ய வேண்டும். எங்கள் சங்கக் கூட்டம் எதுவும் வெற்றிலைத் தட்டு சுற்றாமல் தொடங்கியதில்லை. அதில் புகையிலையும் இருக்கும். இனி எங்கள் தட்டில் புகையிலை இருக்காது என்று முடிவு செய்திருக்கிறோம். சில பெரியவர்களுக்குக் கோபம்தான். பொறுத்துக் கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அமெரிக்க வைத்தியர் கிறீன் 19 ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த ஊர் இது. அந்த ஊரில் நின்று வைத்தியம் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகிறோம். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்கக் கஷ்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை என்று தள்ளாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். விட நினைப்பவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மலையகத்துக்காரருக்கு அந்த எண் மறக்காது. நம் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்த ஆண்டு அது. அன்று நம்மிடம் கேட்காமல் பறித்தார்கள். புகையிலைக்கு நாமே கொடுத்துக் கொண்டிருக்கிறோம். அதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.