காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்



பேரிடரைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் பேசலாமா, பயந்துவிட மாட்டார்களா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அதில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் குப்பங்களுக்குத் தெரியும். பயப்படுவார்கள் என்று சொல்லாமல் விடும் உரிமை நமக்கு இல்லை.

பிள்ளைகளே, அன்று என்ன நடந்தது? பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது. சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில், கடலடியில், ஒரு தட்டு இன்னொன்றுக்குக் கீழே மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. நுழைகிற இடத்தில் இரண்டும் சிக்கிக்கொள்ளும். வெகுகாலம் சிக்கியிருந்தது, அன்று நம் நேரப்படி காலை 6.28 மணிக்குச் சட்டென்று விடுபட்டது. கடலின் தரை எழும்பியது. மேலிருந்த தண்ணீர் அத்தனையும் எழும்பி, சுனாமி என்ற ஆழிப்பேரலையாகக் கிளம்பியது. ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில் ஓடும், ஆனால் ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும், வேகம் குறையும், உயரம் ஏறும்.

நம் கரைக்கு வந்து சேர அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

சுமத்ராவை ஒட்டிய சிமுலூ தீவிலும் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. ஆனால் 1907இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை வந்திருந்தது. அந்தக் கதையைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு. 2004இல் நிலம் ஆடியதும் ஊரே குன்றேறியது. எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடல் நுரைத்து வருவதைப் பார்த்தாள். சில நாள் முன்பு வகுப்பில் படித்தது நினைவுக்கு வர, பெற்றோரிடம் கத்தினாள், கரையில் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அந்தக் கடற்கரையில் ஓர் உயிரும் போகவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "கடல் உள்வாங்கினால் ஓடு" என்பதை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நம் பக்கம் அன்று கடல் முதலில் பொங்கித்தான் வந்தது, பிறகுதான் உள்வாங்கியது. உள்வாங்கட்டும் என்று காத்திருக்கும் பிள்ளை என்ன ஆகும்? அலை பல தடவை வரும், இடையில் அரை மணி நேரம்கூட ஆகலாம் என்று காரணத்தோடு தெரிந்த பிள்ளைதான், தண்ணீர் வடிந்ததும் வீட்டைப் பார்க்கப் போகும் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கும்.

புயலும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கும். முடிந்தது என்று வெளியே வந்தால், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். கண் என்றால் என்ன என்று கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபரில், ஒரு நாள் பிள்ளைகளை அருகில் உள்ள புயல் பாதுகாப்பு மையத்துக்கு நடத்தியே கூட்டிப் போங்கள். வழி அவர்கள் காலுக்குப் பழகட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. பிள்ளைகளே, எங்கே, எல்லோரும் சத்தமாக ஒரு முறை சொல்லுங்கள்!