தேன்பெட்டியும் அதன் காலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் தங்கள் கம்பெனி, ப்ராஜெக்ட் பற்றிப் பேசினார்கள். என்னிடம் மட்டும் சங்கச் செயலாளர், "நீ அந்தத் தேனீக் கதையைச் சொல்லுப்பா" என்றார். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் இரண்டு தடவை அரியர் வைத்தவன் நான். அதை உண்மையிலேயே படித்தது 2019-ல், எங்கள் வீட்டு ரப்பர் தோட்டத்தில்தான்.

எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். அது திருவிதாங்கூராக இருந்த 1920-களிலேயே ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. மூலமாக அங்கே தேனீ வளர்ப்பைப் பரப்பினார். ரப்பர் தேன் பூவில் கிடைப்பதில்லை, தெரியுமோ? இலை உதிர்ந்து புதிதாகத் துளிர்க்கும்போது இலைக்காம்பு நுனியில் சுரக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அதுதான் எங்களுக்கு அறுவடை.

அப்பாவிடம் ஒரு காலத்தில் முப்பது பெட்டி இருந்தது. 1991-92-ல் தாய் சேக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க வந்தது. புழு பை மாதிரி ஊதிச் செத்துப்போகும். நான் பிறந்த அந்த வருஷம் முப்பது பெட்டியும் காலி. அயினிப் பலகைப் பெட்டிகளைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டு அப்பா பால்வெட்டப் போய்விட்டார். நான் காலேஜ் முடித்த பிறகுதான் மறுபடி எட்டுக் கூட்டம் பிடித்து வைத்தார்.

அங்கேதான் இன்ஜினியர் மகன் உள்ளே நுழைகிறான். கம்பெனியில் பேக்கிங்குக்கு வந்த தெர்மோகோல் பலகை கிடந்தது. வெயில் உள்ளே போகாது, எடை இல்லை, செலவும் இல்லை. எட்டுக் கூட்டத்தையும் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றினேன். பழைய ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய சிரட்டை வைத்திருப்பார் அப்பா. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதையும் எடுத்துவிட்டு ஹாலோ பிளாக் அடுக்கினேன். அப்பா ஒன்றுதான் சொன்னார்: "பெட்டி எதுல வேணும்னாலும் செய்யி மக்களே. காலு மட்டும் சரியா இருக்கணும்."

நான் கேட்கவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. மழைக்காலம் தேனீக்குப் பஞ்சகாலம். கூட்டம் சிறுத்துப்போகும், எதிரிகள் வருவது அப்போதுதான். ஹாலோ பிளாக் ஏறி எறும்பு வந்தது. அது தேனைத் தின்றுவிட்டுப் போகவில்லை. தெர்மோகோல் சுவரையே குடைந்து, உள்ளே முட்டையோடு குடித்தனம் வைத்தது! அணில் வாசலைக் கொறித்துப் பெரிதாக்கியது. பெரிதான வாசலில் கதண்டு தலையை நுழைத்துத் தேனீக்களைத் தூக்கியது. கடைசியில் மெழுகுப் பூச்சி. அந்த அந்துப்பூச்சியின் புழு அடையில் நூலாம்படை பின்னிக்கொண்டே ஓட்டை போடும். கூடுகட்டும் நேரம் வந்தால் மரப்பலகையிலேயே குழி பறிக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. தெர்மோகோல் அதற்கு வெண்ணெய் மாதிரி. 2017-ல் ஃபெதெரிகா பெர்த்தோக்கினி என்ற விஞ்ஞானி, தன் தேன்கூட்டில் எடுத்த இந்தப் புழுக்களை பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்க, பையே ஓட்டை ஓட்டையாகிப்போன கதையை நான் பிற்பாடுதான் படித்தேன். முன்னாலேயே படித்திருக்கலாம்.

அக்டோபரில் நான் லீவில் போனபோது எட்டில் ஐந்து பெட்டி காலி. தேனீக்கள் சாகவில்லை, பெட்டியை விட்டுக் கிளம்பிப் போய்விட்டன. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பரணில் ஏறி அயினிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் பாடம் ஆரம்பம். எந்தப் பொருளும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு விரோதியைக் கூப்பிடுகிறது. மரம் என்றால் கரையான். ரப்பர் பலகை மலிவென்று மருந்தேற்றாமல் போட்டால் உளுத்து மாவாய்க் கொட்டும். சித்தப்பா வீட்டில் மண்பானை. அதைப் புழு குடையாது, அணில் கடிக்காது. ஆனால் அடையைத் தூக்கிப் பார்க்க முடியாதே, உள்ளே பூச்சி பிடித்தது தெரியும்போது கூட்டமே இருக்காது. குரங்கு தள்ளினால் ஓடுதான் மிஞ்சும். சிமெண்ட் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதைப் பற்றிப் பேசவேண்டாம். காட்டோரத்தில் கரடி வந்துவிட்டால் எல்லாப் பொருளும் ஒன்றுதான். அதற்காக வீட்டுக் கரண்டை வேலியில் விடுகிற காரியம் மட்டும் வேண்டவே வேண்டாம். கரடிக்கு முன்னால் மனுஷன் செத்துப்போவான்.

ஆக, கால். சிரட்டைத் தண்ணீரில் இருக்கிற கஷ்டம், வெயிலில் வற்றும், மழையில் நிரம்பும். கழிவு ஆயில் ஊற்றினால் மழையில் மிதந்து வழிந்து மண்ணைக் கெடுக்கும். நான் ஸ்டாண்டுக்கு இரும்புக் கால் போட்டு, ஒவ்வொரு காலிலும் பாதி உயரத்தில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இடைவெளி இல்லாமல் பற்றவைத்தேன். கிண்ணத்தின் உள்பக்கம் கிரீஸ். மழை படாது, தேனீயும் ஒட்டாது, எறும்பு அதைத் தாண்டாது. மாதம் ஒரு முறை கிரீஸ் பார்த்தால் போதும். ஆனால் பக்கத்தில் ஒரு புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டுவிட்டால் அத்தனை இன்ஜினியரிங்கும் வீண், அதுவே எறும்புக்குப் பாலம். அரிவாள் எடுக்கத்தான் வேண்டும். பெட்டி முழங்காலுக்கு மேலே இருந்தால் தேரையும் எட்டாது.

மெழுகுப் பூச்சிக்கு மருந்தைவிட ஆள்பலம்தான். தேனீ மூடி உட்கார முடியாத அடையை மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அடித்தட்டை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். எடுத்த அடைகளுக்குக் கந்தகப் புகை போடுவார் அப்பா. அதில் புழு சாகும், முட்டை சாகாது. அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போடுவார். நான் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தேன், முட்டையும் போய்விட்டது. என் மனைவி முன்வரிசையில் இருக்கிறார், அந்த இரண்டு நாள் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களிடம் பதினான்கு கூட்டம். எல்லாம் அயினிப் பெட்டி. ஒன்று மட்டும் தெர்மோகோல், கவிழ்த்த கிண்ணம் வைத்த காலில் நிற்கிறது. அதை எடுத்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் மக்களே, நீ செஞ்சதுல்லா" என்றார் அப்பா. அதற்குப் புது வாசலாகத் தகரம் அடித்ததும் அவர்தான்.

ஸ்டாண்ட் ஒன்றை வேனில் கொண்டு வந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒர்க்ஷாப் வாசலில் பார்க்கலாம். பயப்படவேண்டாம், மேலே இருப்பது காலிப் பெட்டிதான்.