வாசல் எந்தப் பக்கம்? தண்ணீர் எந்தப் பக்கம்?

(மேற்கு மாம்பலத்தில் ஒரு தோழரின் புதுமனை புகுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையத் தினம் நம் தோழர் இந்த வீட்டில் குடிபுகுவதை முன்னிட்டு, நம்மையும் அழைத்து இரண்டொரு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார். இங்கே புரோகிதர் இல்லை. ஓமப் புகை இல்லை. பசுவையும் கன்றையும் கூடத்துக்குள் இழுத்துவந்து அவை மிரளுவதை வேடிக்கை பார்ப்பதும் இல்லை. ராகுகாலம் என்று பலரும் அஞ்சுகிற நேரத்திலேயே பால் காய்ச்சியாயிற்று. பாலும் மற்ற நாளைப் போலவே பொங்கிற்று. இதற்காக அவரையும் அவர் துணைவியாரையும் பாராட்டிவிட்டு உட்கார்ந்து விடலாம் என்றுதான் நாம் வந்தோம்.

ஆனால், சற்றுமுன் அவரைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டோம். "2015-ம் வருஷம் டிசம்பரில் இந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது?" என்றோம். "கேட்கவில்லை, ஐயா" என்றார். "2021-ல்?" என்றோம். "தரகர் ஒன்றும் சொல்லவில்லை" என்றார். வாங்கியிருப்பதோ தரைத்தளம்! ஆகவே, கொண்டுவந்த பாராட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியவர்களாய் இருக்கிறோம். தோழர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறோம்.

வாஸ்து பார்க்கிறவன் என்ன செய்கிறான்? வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, தண்ணீர்த் தொட்டி ஈசானி மூலையில் இருக்கிறதா என்று கேட்கிறான். அவன் கேட்பது அத்தனையும் வீண் கேள்வி, ஆனாலும் கேட்கிறான். அதற்கென்று பத்து நாள் அலைகிறான், பணம் கொடுக்கிறான். நம் தோழரோ அந்த வீண் கேள்விகளையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார், சரி. ஒதுக்கிய இடத்தில் வேறு கேள்வி எதையாவது வைத்தாரா? வைக்கவில்லை. ஜோசியனை வெளியே அனுப்பிவிட்டுத் தரகனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் அதற்குப் பெயர் பகுத்தறிவா? தண்ணீருக்கு வாஸ்து தெரியாது என்பது நமக்குத் தெரியும். 2015-ல் ஈசானி மூலையில் தொட்டி கட்டியவன் வீட்டிலும் புகுந்தது, கட்டாதவன் வீட்டிலும் புகுந்தது. ஆனால், வாஸ்துவை நம்பாதவன் வீடாயிற்றே என்று அது ஒதுங்கிப் போகவும் இல்லை.

இதைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஏமாந்த யோக்கியதைதான். அந்த வருஷம் நாம் சைதாப்பேட்டையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். "என் தாத்தா காலத்திலிருந்து இங்கே தண்ணீர் வந்ததில்லை" என்று வீட்டுக்காரர் சொன்னார். வாடகை குறைவு, ரயிலடி கிட்டம், ஆகையால் நம்பினோம். டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்து விட்டார்கள். தாம்பரம் பக்கத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய தண்ணீரும் அதே அடையாற்றில்தான் வந்து சேர்ந்தது. விடிவதற்குள் நம் வீட்டில் அலமாரியின் நான்காவது தட்டு வரையில் தண்ணீர். இருபது வருஷமாகச் சேர்த்த பத்திரிகைக் கட்டுகளும் பேசுவதற்காக எழுதிவைத்த குறிப்புகளும் களிமண் உருண்டையாய்ப் போயின. உயிர் பிழைத்தது மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்ததால். பிறகு விசாரித்தபோதுதான், 1976-லும் 1985-லும் அந்த ஆறு கரைமீறியதைப் பக்கத்துத் தெரு பெரியவர்கள் வருஷம் தவறாமல் சொன்னார்கள். குடிவரும் முன்பு அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், காலணா செலவில்லை.

நிற்க. இந்த மாம்பலம், தியாகராய நகர் சங்கதிக்கு வருவோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய ஏரி கிடந்தது. ‘லாங் டாங்க்’, அதாவது நீள ஏரி என்று வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். அதில் படகுப் போட்டியெல்லாம் நடத்தினார்கள். 1920-களில் அந்த ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, நகரம் போட்டார்கள். போட்டது யார் ஆட்சியில்? நீதிக்கட்சி ஆட்சியில். நகருக்குத் தியாகராயர் பெயர்; பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர்; இன்னொரு பூங்காவுக்கு நடேசனார் பெயர்; கடைத்தெருவுக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். எல்லாம் நாம் போற்றுகிற பெரியோர்களின் பெயர்கள்தாம். ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பெயரை மாற்றினால் மேடு பள்ளம் மாறாது. ஜனங்களுக்கு வீடு வேண்டும் என்று நினைத்தது நியாயமே. ஏரிக்கு வரும் தண்ணீர் நாளைக்கு எங்கே போகும் என்று போதிய அளவு நினைக்காதது குறைதான். நம்மவர் செய்தார்கள் என்பதற்காக அதை மூடி மறைப்போமானால், புராணத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களைக் கேலி செய்ய நமக்கு வாய் இருக்காது. இந்தப் பக்கத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்றே ஒரு தெரு இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் தெரு! ஏரி எங்கே என்று தேடினால், மழைக்காலத்தில் அதுவே நம்மைப் பார்க்க வருகிறது.

2021 நவம்பர் 7-ந் தேதி விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் சுமார் 21 சென்டிமீட்டர் மழை. தியாகராய நகரும் மாம்பலமும் மறுபடி ஏரியாயின. வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து வரும் மாம்பலம் கால்வாய்தான் இந்த வட்டாரத்துத் தண்ணீரை நந்தனம் வழியாக அடையாற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதை நெருக்கியும் மூடியும் வைத்திருக்கிறோம். ஆறு நிறைந்து ஓடும் நாளில் கால்வாய்த் தண்ணீர் ஆற்றில் இறங்காது. ஆறோ கடலை நம்பியிருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொண்டாலோ, கடல் ஏறி நின்றாலோ ஆற்றுக்கும் வழியில்லை. போதாக்குறைக்கு இங்கே களிமண், குடிக்காது. மயிலாப்பூரின் கடலோரப் பக்கமும் பெசன்ட் நகரும் மணல் பூமி; மழை பெய்ததும் உறிஞ்சிக்கொள்ளும்.

அப்படியானால் மயிலாப்பூருக்கே எல்லோரும் போய்விடலாமா என்றால், அதுவும் இல்லை. அங்கே வேறு தண்ணீர். பழைய மயிலாப்பூர் கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், இப்போதிருப்பது பிற்காலத்தில் உள்ளே தள்ளிக் கட்டியது என்றும் சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். சாமியே வீடு மாற்ற வேண்டியிருந்தது என்றால் ஆசாமி எம்மாத்திரம்! 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் உலாவிக் கொண்டிருந்தவர்களையும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளையும் கடல் வாரிக்கொண்டு போயிற்று. தமிழ்நாடு முழுவதும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். வருஷா வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று எழுதுகிற பஞ்சாங்கம் எதுவும் அந்தக் காலையில் ஒருவரையும் எழுப்பி மேட்டுக்கு அனுப்பவில்லை.

ஆகவே ஆபத்தில்லாத இடம் என்று ஒன்று இல்லை. எந்த ஆபத்து, எத்தனை காலத்துக்கு ஒரு தரம், வந்தால் எதை எடுத்துக்கொண்டு போகும் என்றுதான் நிறுத்துப் பார்க்க வேண்டும். மாம்பலத்துத் தண்ணீர் அடிக்கடி வரும். முழங்கால், சில இடத்தில் இடுப்பு. மெத்தையையும் மோட்டாரையும் கெடுக்கும். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை ஆற்றோரத்துத் தண்ணீர் சில பத்து வருஷத்துக்கு ஒரு முறை வரும். வந்தால் ஆளைக் கொல்லும். கடல் இன்னும் அபூர்வம். ஆனால் ஓட நேரம் கொடுக்காது. முதலாவதற்கு மாடி வீடு போதும். இரண்டாவதற்கு மாடியோடு, எப்போது கிளம்புவது என்ற முடிவும் முன்கூட்டியே வேண்டும். பள்ளிக்கூடம், பிழைப்பு, ரயில், குடிதண்ணீர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, இதை மறு தட்டில் வைக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து, 2019-ல் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை மறந்துவிடக் கூடாது பாருங்கள்.

இந்தத் துன்பங்களையெல்லாம் ஆண்டவன் கோபம் என்று சொல்லுகிற வழக்கம் சாமானியர்களோடு நிற்கவில்லை. 1934-ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தியாரே சொன்னார். தாகூர் அதைக் கண்டித்து எழுதினார். தீண்டாமை ஒழியவேண்டியதுதான், அதற்காக இடிந்த சுவரின்கீழ் தீண்டப்படாதவரும் அல்லவா செத்தார்! அதற்கு வெகுகாலம் முன்பு, 1755-ல் லிஸ்பன் நகரம் அழிந்தபோது, அத்தனை ஆயிரம் மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே, மனிதன்தானே என்று ரூசோ என்னும் அறிஞர் எழுதினார். செம்பரம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் அதே கேள்விதான்.

சரி, விசாரிப்பது எப்படி? வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரியும். தண்ணீரின் வில்லங்கம் தெரியாது. தாலுகா ஆபீசில் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால், பக்கத்தில் ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் என்று எழுதியிருக்கும். அதற்குமுன் தெருவைப் பாருங்கள். ரோட்டின்மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, பழைய வீடுகளுக்குப் படி இறங்கிப் போக வேண்டியதாயிருக்கிறதா? மின்சார மீட்டர்ப் பெட்டியை ஆள் உயரத்துக்குமேல் புதிதாக மாற்றி வைத்திருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் பாசிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது? தெருமுனையில் இஸ்திரி போடுகிற தோழரையும் டீக்கடைக்காரரையும் கேளுங்கள். விற்கிறவனுக்குப் பொய் சொல்ல லாபமுண்டு, இவர்களுக்கு இல்லை. மழைக்கால மத்தியில் ஒரு தரம் வந்து பாருங்கள். ஜப்பானில் அனெயோஷி என்ற கிராமத்தில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று கல்லில் வெட்டி நட்டார்கள். அந்தக் கல்லுக்கு மேலேயே வீடு கட்டினார்கள். 2011-ல் கடல் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நம் ஊரில் கல் நடுவதற்குக் குறைச்சலில்லை. குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்து விடுவோமோ என்றுதான் பயம்.

இதுவரையில் சொன்னது பணம் கொடுத்து வீடு தேடுகிறவர்களுக்கு. தேட முடியாதவர்கள் கதை வேறு. ஆற்றங்கரையில் குடிசை போட்டவன் ஆசையாலா போட்டான்? அவனையும் அவன் சாதியையும் ஊர் நடுவில் யார் விட்டார்கள்? மேட்டு மனையை உள்ளவன் எடுத்துக்கொண்டான். பள்ளம் இல்லாதவனுக்கு என்று ஆயிற்று. 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, ஆபத்தான இடம் என்று சொல்லிப் பெயர்த்து எடுத்தார்கள். கொண்டுபோய் விட்டது எங்கே? வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொலைவாய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்தில்! பெரிய மழை பெய்தால் அங்கும் தண்ணீர். ஆற்றங்கரையிலிருந்து ஏரிக்கு மாற்றுவது எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்று நாம் கேட்கிறோம். ஆற்றோரத்தில் மாடி மாடியாய்க் கட்டியிருக்கிற ஆஸ்பத்திரிகளையும் பங்களாக்களையும் பெயர்க்கவில்லையே, ஏன்? இந்தக் கேள்வியை வார்டு கவுன்சிலர் ஓட்டுக்கு வரும்போது நீங்கள் கேட்கவேண்டும்.

தோழருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டியாயிற்று, இனி வீட்டை விட்டு ஓடும்படி சொல்லவில்லை. மீட்டர்ப் பெட்டியை உயரத்துக்கு மாற்றுங்கள். பத்திரங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் மேல் பரணில் வையுங்கள். மேல் மாடிக்காரர் இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கே அவரோடு சிநேகமாகிக் கொள்ளுங்கள். தங்கள் தாயார் வாசல் வடக்குப் பார்த்திருந்தால் தேவலை என்று குறைப்பட்டதாகச் சொன்னீர்கள். அம்மையாரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய், எதிர்வீட்டுச் சுவரில் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிற கோட்டைக் காட்டுங்கள். வரும்போதே நாம் பார்த்துவிட்டோம்.