தணியாத அழற்சி

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கும், வீங்கும், சுடும், நோகும். இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமாபுரியின் செல்சசு என்பார் தம் மருத்துவ நூலில் எழுதிவைத்தார். அழற்சி எனப்படுவது இதுவே.

இதன் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. 1882ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் மெச்னிக்கோவ், இத்தாலியின் மெசீனா நகரிலே, கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குடம்பியொன்றில் ரோசா முள்ளைச் செருகினார். மறுநாட் காலையில் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, உடலினுள் அலைந்து திரியும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. மனிதனின் வெண்குருதிக் கலங்களும் இவ்வாறே காவல் புரிகின்றன.

முள் அகன்றால் காவலும் கலையும், புண் ஆறும். நாள்தோறும் புதுமுள் தைத்துக்கொண்டேயிருந்தால்? புகைபிடிப்போரின் நுரையீரலில் நிகழ்வது அதுதான். ஈழநாட்டார்க்கு இன்னும் அணித்தான சான்று, பாக்கு மெல்லும் வாய்.

பாக்கின் கரடான நார் கன்னத்தின் உட்தோலை உராய்கின்றது. அதிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருளோ இழையத்தினுட் சென்று உறுத்துகின்றது. காவற்கலங்கள் கூடுகின்றன, கலைவதற்குள் அடுத்த வாய்ப் பாக்கு வந்துவிடுகின்றது. நோவு பெரிதாக இல்லாமையால் மெல்லுபவர் இதனை அறியார். உடலோ புண்ணை ஆற்ற முயன்று நாரிழையத்தை மேன்மேலும் படியவைக்கின்றது. கன்னம் வெளிறி விறைக்கின்றது. உறைப்புக் கறி பட்டால் வாய் எரிகின்றது. பின்னர் வாயைத் திறப்பதே அரிதாகின்றது. பாக்கை விட்டபின்னும் அவ்விறைப்பு எளிதில் நெகிழ்வதில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. காவற்கலங்கள் பகையை அழிக்கச் சுரக்கும் பொருள்கள் அயலிலுள்ள நல்ல கலங்களின் பரம்பரைப் பொருளையும் தாக்குகின்றன. அழிந்தவற்றுக்கு ஈடாகக் கலங்கள் ஓயாது பிரிகையில் அப்பிழைகளும் பெருகி, சிலரிடத்துப் புற்றுநோயாக முடிகின்றன. புகையிலையை நீக்கினாற் போதும் என்பார் பலர். அது தவறு. இலியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலிலே, பாக்குத் தனித்தும் புற்றுநோயை விளைவிக்கும் என்று வகுத்துள்ளது.

மங்கல வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டும் மரபை இங்கு யாரும் குறைகூறவில்லை. வழங்குவது வேறு, விடிந்தது முதல் உறங்கும்வரை கன்னத்தில் அடக்கிவைப்பது வேறு.

மெல்லும் பழக்கமுடையோர் திங்களுக்கு ஒருமுறையேனும் கண்ணாடிமுன் நின்று, கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் அடியையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். வெண்படையோ செம்படையோ இரண்டு கிழமைக்கு மேலாக ஆறாத புண்ணோ காணப்படின், நோவு இல்லையென்று வாளாவிருத்தலாகாது. அரசாங்க வைத்தியசாலைகளின் பல்வைத்தியப் பகுதியிற் கட்டணமின்றியே காட்டலாம்.