செய்தி சுமந்தோரும் செய்திவலை வகுப்போரும்

(அரியக்குடியில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில், தரைப்படையின் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரை)

 

படைத்துறையில் செய்தித்தொடர்பும் கண்காணிப்பும் எவ்வாறு திட்டமிடப்படுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். நான் சொல்லப்போவன யாவும் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் வெளிவந்தவையே. மறைக்க வேண்டியது எதனையும் நான் இங்கு வெளியிடவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

என் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தொடங்குகிறேன். ஊரில் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் கேதம் சொல்லப் போகிறவர் அவர். கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் என்று இரவென்றும் பகலென்றும் பாராமல் நடப்பார். போய்ச் சேர்ந்த இடத்தில் வீட்டினுள் நுழைய முடியாது. வாசலுக்கு வெளியே நின்று செய்தியைச் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவார். பறை அறைந்து ஊருக்கு அறிவித்தவர்களும், தலையாரியாகவும் வெட்டியானாகவும் நின்று இரவுக் காவல் காத்தவர்களும் பெரும்பாலும் நம்மவரே. ஊரின் செய்தித்தொடர்பும் கண்காணிப்பும் நம் முன்னோரின் கால்களிலும் கண்களிலும் இருந்தன. ஆனால் எந்தச் செய்தி எவருக்கு, எந்த வழியாக, எந்த வரிசையில் போகவேண்டும் என்று முடிவு செய்த திண்ணையில் அவர்களுக்கு இடமில்லை.

நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். வானொலிக் கருவியின் முன் அமர்ந்து செய்தி அனுப்பினேன், வாங்கினேன். பல ஆண்டுகள் சென்றபின்தான் ஓர் உண்மை உறைத்தது. தகப்பனார் நடந்து செய்ததை நான் கருவியைக் கொண்டு செய்துகொண்டிருந்தேன். வலையை வரைபடத்தில் வகுத்தவர்கள் வேறு கூடாரத்தில் இருந்தார்கள். அங்கே போவதற்குரிய கணிதம் என்னிடம் இல்லை. அந்தக் கூடாரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியத் தரைப்படையின் சிக்னல் பிரிவு 1911 பிப்ரவரி 15 இல் தோற்றுவிக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை வலையை வகுப்பவர் முன்னுள்ள கேள்விகள் மாறவில்லை. யார் யாரோடு பேசவேண்டும்? எவ்வளவு விரைவில்? இடையிலுள்ள நிலம் எப்படிப்பட்டது? பகைவன் கேட்டுவிடாமல் காப்பது எப்படி? ஒரு வழி அறுந்தால் மறு வழி எது?

கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 1962 காட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 20 விடியற்காலையில் வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை தாக்கியது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. பிரிகேடியர் தல்வியின் 7 ஆவது பிரிகேடுக்கும் முன்வரிசைப் பட்டாளங்களுக்கும் இடையே தொடர்பு அற்றது. ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்குத் தெரியாமலே, வீரர்கள் தனித்தனியே போரிட்டு மடிந்தார்கள். அவர்களிடம் வீரத்துக்குக் குறைவில்லை. வழிதான் இல்லாமற் போயிற்று.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஆறு நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாம் ஒரே தலைமை நிலையத்தின் வழியாகப் பேசுவதானால் ஐந்து இணைப்புகள் போதும். செலவு குறைவு, ஆனால் தலைமை நிலையம் விழுந்தால் யாவும் ஊமையாகும். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் இணைத்தால் பதினைந்து இணைப்புகள் தேவை. ஐம்பது நிலையங்களானால் 1,225 ஆகிவிடும். எந்த அரசுக்கும் கட்டுபடியாகாது. ஆகவே ஒவ்வொரு நிலையத்தையும் அண்டையிலுள்ள மூன்று நான்கோடு மட்டும் இணைத்து, மீன்வலை போல் பின்னுகிறார்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி சுற்றிப் போய்ச் சேரும். 1980களில் தரைப்படை அமைத்த ‘ஏரென்’ என்னும் வானொலி வலை இம்முறையிலானது. எங்கே மூன்று போதும், எங்கே நான்கு வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வகுப்பவரின் வேலை.

வலை பின்னினாலும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். மலையுச்சியில் மின்கம்பம் இல்லை, மின்கலம்தான் உயிர். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் விரைவாகக் குன்றும். ஒரு காவலணி எத்தனை மின்கலங்களைச் சுமக்க முடியுமோ அத்தனை நாள்தான் அதற்கு வாய் இருக்கும். நம் பக்கத்தில் காரைக்குடியில் 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராயப்படும் பொருள்களில் மின்கலமும் ஒன்று. அதன் மதிற்சுவரை ஒட்டி நாம் நாள்தோறும் நடக்கிறோம். உள்ளே நடப்பது நமக்கு எட்டாத வித்தை அல்ல. அது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் தொடர்ச்சியே.

இனிக் கண்காணிப்புக்கு வருவோம். 2008 நவம்பர் 26 இல் பத்துப் பேர் கடல்வழியே மும்பைக்கு வந்து இறங்கி 166 உயிர்களைப் பறித்தார்கள். அதன் பின்னர் கடற்கரை நெடுகிலும், தீவுகளிலும் முதற்கட்டமாக 46 ராடார் நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2014 இல் குருகிராமில் திறக்கப்பட்ட மையம் கடற்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றின் 51 நிலையங்களை இணைத்தது.

ராடாரை எங்கே வைப்பது? பூமி உருண்டை, ஆகவே கோபுரத்தின் உயரமே பார்வையின் எல்லை. மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் கண்டு அதனை 4.12 ஆல் பெருக்கினால், அலை எட்டும் அடிவானத் தொலைவு ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும். 25 மீட்டர் கோபுரத்துக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41. தொலைவை இரட்டிப்பாக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவனுக்கு இதனைச் சொல்லுங்கள்.

நீருக்குள் மூழ்கியிருக்கும் கப்பலுக்குச் செய்தி சொல்வது இன்னும் கடினம். சாதாரண வானொலி அலை கடல்நீரில் நுழைந்தவுடன் அழிந்துவிடும். மிகத் தாழ்ந்த அலைவெண் கொண்ட அலை மட்டும் சில மீட்டர் ஆழம் இறங்கும். அதற்கென்றே நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 இல் ‘கட்டபொம்மன்’ கடற்படை நிலையம் அமைந்தது. அலை மிக நீளமானதாகையால் கோபுரங்களும் வானளாவ வேண்டியிருந்தன. அவ்வளவு பாடுபட்டும் அதன் வழியே அனுப்பக்கூடியவை மிகச் சில சொற்களே. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் திட்டமிடலில் அடங்கும்.

கருவிகள் எல்லாவற்றையும் கண்டுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கில் மலைகளில் ஊடுருவியவர்களைக் கண்டு படையினரிடம் சொன்னவர் தாஷி நம்கியால் என்னும் ஆட்டிடையர். காணாமற்போன தம் யாக் எருதைத் தேடிச் சென்றவர். பின்னர் அரசு அமைத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். வான்வழிக் கண்காணிப்பிலும் உளவுச் செய்திகளை ஒருங்கிணைப்பதிலும் இருந்த குறைகளை அக்குழு எடுத்துரைத்தது. எனக்கு அதில் தெரியும் பாடம் வேறொன்றும் உண்டு. கடைக்கோடியில் நிற்பவன் கண்டதைக் கேட்கும் காது வலையில் இல்லாவிட்டால், வலை எவ்வளவு பெரிதாயினும் குருடுதான்.

கண்காணிப்புக்கு மற்றொரு முகமும் உண்டு. 1911 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் பல சமூகத்தார் பிறப்பினாலேயே சந்தேகத்துக்குரியவர் ஆக்கப்பட்டனர். கைரேகை பதிந்து, காவல் நிலையத்தில் ஆஜராகி நின்றார்கள். 1952 இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. இன்றும் பாக் நீரிணையில் இரவில் வலை வீசும் சிறு படகு ராடார்த் திரையில் ஒரு புள்ளிதான். அது வயிற்றுப்பாட்டுக்கு வந்த புள்ளியா, தீங்கு செய்ய வந்த புள்ளியா என்று பிரித்தறியும் விதியை எழுதுகிறவர் அக்கடற்கரையை அறிந்தவராக இருக்கவேண்டும். எவர் ஐயத்துக்குரியவர் என்பதை முடிவு செய்யும் மேசையில், ஐயத்துக்கு ஆளாகி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் அமர வேண்டும். நான் இங்கு வந்தது இதைச் சொல்லத்தான்.

சிக்னல் அதிகாரிகள் பயிலும் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி மத்தியப் பிரதேசத்தில் மாவ் நகரில் உள்ளது. அதே பாளைய நகரில்தான் 1891 ஏப்ரல் 14 இல் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். அவர் தந்தையார் சுபேதார் ராம்ஜி, படையினருக்கான பள்ளியில் ஆசிரியர். படை தந்த கல்வி அக்குடும்பத்தை உயர்த்தியது. அதன் பின்னர் மகர் மக்களுக்குப் படையின் கதவு பல காலம் அடைக்கப்பட்டிருந்து, 1941 இல்தான் மகர் ரெஜிமெண்ட் எழுந்தது. அந்நகரம் 2003 முதல் அண்ணலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! படையில் ஆளெடுப்பதில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை, போட்டியிட்டே நுழையவேண்டும். ராடார் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களிலும் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஒதுக்கீடு உண்டு. எந்த வாசலாயினும் திறவுகோல் ஒன்றே: பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும். ‘நம் பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்று பிறர் சொன்னதை நாமே திருப்பிச் சொல்வதை இன்றோடு நிறுத்துவோம். 2022 முதல் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் பெண்களும் பயில்கிறார்கள். நம் பெண்மக்களையும் மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகள் எழுத்தறிவும் பட்டமும் தந்தீர்கள். இனி வரும் ஆண்டுகளில் மாலைநேரக் கணித வகுப்பு ஒன்றை இடைவிடாமல் நடத்துங்கள். என்னால் இயன்ற பொருளையும் நேரத்தையும் தருவேன்.

என் தகப்பனார் எத்தனையோ வாசல்களுக்கு வெளியே நின்று செய்தி சொன்னார். அவருடைய பேரனோ பேத்தியோ உள்ளே அமர்ந்து, வரைபடத்தை விரித்து, ‘வழி இப்படிப் போகட்டும்’ என்று சொல்லும் நாளைக் காண விரும்புகிறேன்.